சீனத்துக் குதிரை இனங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை என்று பேச்செடுத்தால் அரபிக் குதிரை வரும், பந்தயக் குதிரை வரும், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடம் நம் நாட்டு மார்வாரியும் காத்தியவாரியும் வரும். சீனக் குதிரை வராது. வந்தாலும் "அது குட்டையா இருக்குமே" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். குட்டைதான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் குதிரைகளை அவை பிறந்த மண்ணில் வைத்துப் பார்க்காமல் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுப் போவது அநியாயம் என்று நினைப்பவன் நான். என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

"சீனக் குதிரை" என்று ஓர் இனம் இருக்கிறதா?

கிடையாது. சீனாவின் நாட்டுக் குதிரை இனங்கள் மட்டுமே ஏறத்தாழ 30. வெளிநாட்டுப் பொலிக்குதிரைகளைச் சேர்த்து உருவாக்கிய இனங்கள் பத்துக்கு மேல். வடக்கே புல்வெளியில் மேயும் குதிரையையும் தெற்கே மலைப்பாதையில் மூட்டை சுமக்கும் குதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே நாட்டுக் குதிரைகள் என்று சொல்லவே முடியாது.

"சைனா போனி" என்ற பெயரைப் பழைய குறிப்புகளில் சிலர் பார்த்திருக்கலாம். ஷாங்காய், தியான்ஜின், ஹாங்காங் பந்தயத் திடல்களில் ஓடிய மங்கோலிய மட்டக்குதிரைக்கு அங்கிருந்த வெள்ளைக்கார வணிகர்கள் வைத்த பெயர் அது. ஹாங்காங்கின் ஹேப்பி வேலியில் 1846இல் பந்தயம் தொடங்கியது. வடக்கிலிருந்து வந்து இறங்கிய, இன்னும் ஒரு பந்தயமும் ஓடாத புதுக் குதிரையை "கிரிஃபின்" என்பார்கள். மங்கோலியக் குதிரைகள் அந்தத் திடலை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் புதுக் குதிரையைக் கிரிஃபின் என்று சொல்லும் வழக்கம் ஹாங்காங்கில் இன்றும் இருக்கிறது.

நாட்டு இனம், உருவாக்கிய இனம்: என்ன வித்தியாசம்?

ஒரு வட்டாரத்தின் குளிர், மேய்ச்சல், வேலை இவற்றுக்கு ஏற்பத் தலைமுறை தலைமுறையாகத் தானே தேறி வந்தது நாட்டு இனம். மனிதன் அதில் தேர்ந்தெடுத்திருப்பான், ஆனால் ஏடு வைத்துத் திட்டம் போட்டிருக்க மாட்டான். உருவாக்கிய இனம் அப்படியல்ல. "இவ்வளவு உயரம் வேண்டும், இந்த வேலைக்கு வேண்டும்" என்று முடிவு செய்து, உள்ளூர்ப் பெட்டைக் குதிரையோடு வெளிப் பொலிக்குதிரையைச் சேர்த்து, பிறந்த குட்டிகளைப் பதிவு செய்து, வேண்டிய குணம் பல தலைமுறைக்கு மாறாமல் நிலைத்த பிறகே அதற்குத் தனி இனம் என்ற பெயர் கிடைக்கும். ஒரு தலைமுறைக் கலப்பை இனம் என்று சொல்ல மாட்டார்கள்.

குதிரையை முதலில் பழக்கியது சீனாவா?

இல்லை. இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதையர் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே உள்ள புல்வெளியிலிருந்து கி.மு. 2200 வாக்கில் பரவத் தொடங்கியவை என்று 2021இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு காட்டியது. சீனாவில் தெளிவான சான்றாகத் தேரும் குதிரையும் சேர்த்துப் புதைத்த குழிகள் கிடைப்பது ஆன்யாங்கில், கி.மு. 1200 வாக்கில். ஆக, சீனத்தில் "நாட்டுக் குதிரை" என்பதற்கு அங்கேயே தோன்றியது என்று பொருளல்ல. வந்து, தங்கி, அந்த மண்ணுக்கே உரியதாகிப்போனது என்று பொருள்.

அங்கே காட்டுக் குதிரையும் உண்டாமே?

உண்டு. ப்ரஸெவால்ஸ்கி குதிரை. சீனா, மங்கோலியா எல்லையில் உள்ள சுங்காரியா வறண்ட வெளிதான் அதன் கடைசி வாழிடம். அங்கே 1960களின் இறுதியில் கண்ணில் படாமலே போயிற்று. ஐரோப்பிய, அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் இருந்தவற்றை 1985 முதல் வடமேற்குச் சீனாவின் சிஞ்சியாங்குக்குத் திரும்பக் கொண்டுவந்து, ஜிம்சார் என்ற இடத்தில் பெருக்கி, 2001இல் கலாமைலிக் காப்பகத்தில் திறந்துவிட்டார்கள். வீட்டுக் குதிரைக்கு 64 குரோமோசோம், இதற்கு 66. எனவே நாம் பேசும் இனங்களின் தாத்தா என்று இதைச் சொல்லக்கூடாது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது தவறு.

மங்கோலியக் குதிரை அப்படி என்ன சிறப்பு?

எனக்குப் பிடித்த கேள்வி இது, பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் உருவம். தோள்மேடு வரை அளந்தால் 120 முதல் 135 செ.மீ. அதாவது ஏறத்தாழ நாலடி முதல் நாலரை அடி வரை. பெரிய தலை, தடித்த கழுத்து, குட்டையான வலுத்த கால், அடர்ந்த பிடரி, தரையைத் தொடும் வால். பந்தயக் குதிரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அழகாகத் தெரியாது.

இப்போது அதைச் சனவரி மாதத்தில், சீனாவின் வட எல்லைப் பகுதியான உள்மங்கோலியாவில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. லாயம் கிடையாது, வைக்கோல் கிடையாது, மேலே போர்வை கிடையாது. உடம்பு முழுக்கக் கம்பளி போல மயிர் வளர்ந்திருக்கும். முன்னங்காலால் பனியைப் பறித்துத் தள்ளி, அடியில் காய்ந்து கிடக்கும் புல்லைத் தேடித் தின்னும். தான் மட்டும் தின்பதில்லை. மேலே இறுகிய பனியைக் குதிரைக் கூட்டம் உடைத்துப் போன பிறகுதான் அந்த இடத்தில் மாடும் ஆடும் மேய முடியும். அதனால் மேய்ப்பர்கள் குதிரையை முன்னே விட்டு மற்றதைப் பின்னே ஓட்டுவார்கள். கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துக் கரைத்தே வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும். மார்ச்சில் பார்த்தால் விலா எலும்பு எண்ணலாம், ஜூனில் அதே குதிரை மினுமினுக்கும்.

பெரிய தலையும் குட்டைக் காலும் குறையல்ல என்பது அங்கே புரியும். நீளக் கால், மெல்லிய தோல், சலித்த ஓட்ஸ் இல்லாமல் நிற்க முடியாத வயிறு, இவற்றோடு ஓர் உயர்ந்த குதிரையை அந்தப் பனிக்காலத்தில் விட்டால் அது வசந்தத்தைப் பார்க்காது.

மங்கோலியக் குதிரையிலேயே உள்வகைகள் உண்டு. ஊஜும்சின் புல்வெளிக் குதிரை கொஞ்சம் உயரமும் ஓட்டமும் கூடியது. அபகா வட்டாரத்தில் கறுப்புக் குதிரை பேர்போனது. என் மனசுக்கு நெருக்கமானது பைச்சா. சிஃபெங் பகுதியில் கற்கள் நிறைந்த பைச்சாப் பள்ளத்தாக்கில் வளர்ந்து, லாடமே அடிக்காமல் பாறையில் நடக்கும் அளவுக்குக் குளம்பு இறுகியது. அதனால் "இரும்புக் குளம்புக் குதிரை" என்றே பெயர். இன்று மிகச் சில மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

ஹெச்சூ குதிரை எது?

மஞ்சள் ஆறு கான்சு, சிங்ஹாய், சிச்சுவான் மாகாணங்கள் மூன்றும் சந்திக்கும் இடத்தில் பெரிய வளைவு எடுத்துத் திரும்புகிறது. அந்த வளைவின் புல்வெளிக் குதிரை இது. பெயரின் பொருளே "ஆற்று வளைவு". சீன நாட்டு இனங்களில் உடல் பெருத்த வகை இதுதான். மேய்ச்சல் நிலம் ஈரமும் சதுப்பும் என்பதால் குளம்பு அகலம், ஆனால் கொஞ்சம் மிருது. கல் நிலத்துக்கு அழைத்துப் போனால் லாடம் வேண்டும். ஒரு நிலத்தின் வரம் இன்னொரு நிலத்தில் குறையாகிறது. பைச்சாவையும் ஹெச்சூவையும் பக்கத்தில் வைத்தால் இது நன்றாக விளங்கும். சாதுவான குணம். இழுவைக்கும் சுமைக்கும் படைக்கும் போனது, மாச்சூ வட்டாரத் திபெத்தியர்களின் பந்தயங்களில் இன்றும் ஓடுகிறது.

சின் பேரரசரின் சுடுமண் படையில் நிற்கும் குதிரைகள் எந்த இனம்?

1974இல் சிஆன் அருகே வெளிப்பட்ட அந்தக் குதிரைச் சிலைகளின் தோள்மேடு சுமார் 133 செ.மீ. பெரிய தலை, தடித்த கழுத்து, குட்டைக் கால். ஹெச்சூவோடு ஒப்பிடுபவர்கள் உண்டு. 2,200 ஆண்டுக்கு முந்திய சிலைக்கு இன்றைய இனப்பெயரை ஒட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். முழுச் சீனாவையும் ஒரு குடையின்கீழ்க் கொண்டுவந்த படை ஏறிப் போனது நாம் "குட்டை" என்று ஒதுக்கும் அதே உடல்வாகின் மேல்தான்.

திபெத்தியக் குதிரைக்கு உயரமான இடத்தில் மூச்சு முட்டாதா?

முட்டாது. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் மற்ற குதிரைகள் மூச்சு வாங்கும்போது இது சுமையோடு ஏறும். காற்றில் பிராணவாயு குறைந்தால் உடம்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஒன்று இபிஏஎஸ்1. திபெத்தியக் குதிரையில் அந்த மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். திபெத்திய மக்களிடம் உயரத்துக்கேற்ற மாற்றம் தெரிந்ததும் அதே மரபணுவில்தான். ஏறியவனும் சுமந்ததும் ஒரே பூட்டைத் தனித்தனிச் சாவியால் திறந்திருக்கிறார்கள்!

"பழமரக் குதிரை" என்பது உண்மையா, கதையா?

உண்மை. ஹான் வம்ச அரசர்களின் அரண்மனை லாயத்தில் மூன்றடி உயரக் குதிரைகள் இருந்தன, பெண்கள் ஏறும் சிறு வண்டியை இழுத்தன என்று பழைய குறிப்பு இருக்கிறது. பழமரக் கிளைக்கு அடியில் குனியாமல் போகும் என்பதால் "குவோசியா", அதாவது பழத்துக்குக் கீழே போகும் குதிரை என்று பெயர். கொரியத் தீபகற்பத்துச் சிறு குதிரைகளுக்கும் அந்தக் காலத்தில் இதே பெயர் வழங்கியது.

பின்னாளில் இது வெறும் ஏட்டுச் செய்தியாகவே நின்றது. 1981இல் வாங் தியேச்சுவான் என்ற கால்நடை அறிஞர் தலைமையில் தென்மேற்கில் ஆய்வுக்குப் போனவர்கள் குவாங்சியின் தேபாவ் மாவட்ட மலைக் கிராமங்களில், ஒரு மீட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற முழு வளர்ச்சி பெற்ற குதிரைகளைப் பார்த்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவை பாட்டுக்கு விறகும் தானியமும் சுமந்துகொண்டிருந்தன. இன்று அதன் பெயர் தேபாவ் மட்டக்குதிரை. முழு வளர்ச்சிக்குப் பிறகு 106 செ.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

கவனிக்க வேண்டியது, இது வளர்ச்சி குன்றிய குதிரை அல்ல. நல்ல தீனி போட்டாலும் குட்டையாகவே இருக்கும். தலை, உடல், கால் எல்லாம் அளவோடு அமைந்திருக்கும். சிற்றுருவத்துக்கு டிபிஎக்ஸ்3 என்ற மரபணு காரணமாகலாம் என்று ஆய்வுகள் சுட்டுகின்றன. இதற்கும் ஐரோப்பிய மட்டக்குதிரைகளுக்கும் தொடர்பில்லை, தனியே சிறுத்தது.

குட்டையாக இருப்பதில் என்ன லாபம்? அந்த மலையில் ஒரு வயல் பாய் விரித்த அளவுதான் இருக்கும். பாதை ஒருவர் நடக்கும் அகலம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அங்கே அகன்ற வயிறும் நீண்ட காலும் உள்ள குதிரை திரும்பவே முடியாது.

மலைக் குதிரைகள் எவ்வளவு சுமக்கும்?

யுன்னான், குய்சோவ், சிச்சுவான் மலைகளின் குதிரைகள் 110 முதல் 120 செ.மீ. சுற்றுவட்டத்தில் நிற்பவை. நெடும்பயணத்தில் ஒன்றின் மேல் 60 கிலோ அளவுக்கு ஏற்றுவார்கள், நாள்தோறும், வாரக் கணக்கில். தேயிலை கட்டிய இந்த வண்டியில்லா வாகனங்கள்தான் தென்மேற்கையும் திபெத்தையும் இணைத்தன. இப்படிச் சேர்ந்து போகும் கூட்டத்துக்கு "மாபாங்" என்று பெயர். முன்னே நடக்கும் தலைமை விலங்கு பெரும்பாலும் கோவேறு கழுதையாக இருக்கும். நெற்றியில் சிவப்புக் குஞ்சமும் சிறு கண்ணாடியும், கழுத்தில் மணியும் கட்டியிருப்பார்கள். குறுகிய பாதையில் எதிரே வருபவனுக்கு அந்த மணிச்சத்தம்தான் எச்சரிக்கை.

சுமை ஏற்றும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூட்டையைக் குதிரை உடம்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்க மாட்டார்கள். ஏணி போல ஒரு மரச்சட்டம், அதன் இரு பக்கமும் மூட்டையைக் கட்டித் தரையில் வைத்திருப்பார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்க, குதிரை நடுவே வந்து நிற்கும். சேணத்தின் மேல் சட்டம் அப்படியே உட்காரும். குதிரை கால் தவறினால் சட்டம் தனியே சரிந்து விழும், குதிரை பிழைக்கும். மாலையில் இறக்குவதும் அதே வேகம்தான். ஐம்பது குதிரைக்குத் தினமும் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

இன்றும் லாரி ஏறாத மலை உச்சியில் மின்கோபுரம் எழுப்ப வேண்டுமென்றால் சிமெண்டும் இரும்பும் மேலே போவது குதிரை, கோவேறு கழுதை முதுகில்தான்.

"வானத்துக் குதிரை" கதை என்ன? வியர்வையில் ரத்தம் வடியுமா?

ஹான் பேரரசர் வூதியின் காலத்துச் சங்கதி. வடக்கே சியோங்னு நாடோடிகளோடு தீராத போர். கி.மு. 119இல் ஒரே படையெடுப்பில் 1,40,000 குதிரைகள் எல்லை தாண்டிப் போயின. திரும்பியவை 30,000கூட இல்லை. குதிரை இல்லாவிட்டால் நாடு இல்லை என்ற நிலை. அதற்கு முன்பே, கி.மு. 138இல் மேற்கே அனுப்பப்பட்டிருந்த தூதர் சாங் சியென், தாயுவான் என்ற நாட்டில், அதாவது இன்றைய ஃபெர்கானா பள்ளத்தாக்கில், ரத்தம் வியர்க்கும் உயர்ந்த குதிரைகள் இருப்பதாகச் சொல்லியிருந்தார். "வானத்துக் குதிரை" என்று பின்னாளில் பெயர் பெற்றவை இவைதான். பேரரசர் பொன்னும், பொன்னால் செய்த குதிரையும் அனுப்பிக் கேட்டார். அவர்கள் தர மறுத்தார்கள், கேட்கப் போன தூதர் கொல்லப்பட்டார். கி.மு. 104இல் போன முதல் படை தோற்றது. இரண்டாவது படையில் 60,000 பேரும் 30,000 குதிரைகளும் போயினர். கி.மு. 101இல் அது எல்லைக்குத் திரும்பியபோது இருந்தவர்கள் 10,000 பேருக்குச் சற்று மேல், குதிரைகள் ஆயிரத்துச் சொச்சம். இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? முதல் தரக் குதிரைகள் சில பத்து. நடுத்தரமும் அதற்குக் கீழுமாக மூவாயிரம் பேசி வாங்கினார்கள்.

அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். சில பத்து உயரக் குதிரைகளுக்காகப் பாலைவனத்தில் செத்து விழுந்தவை, மூட்டை தூக்கிய ஆயிரக்கணக்கான சாதாரணக் குதிரைகள். அவற்றுக்கு யாரும் பாட்டெழுதவில்லை.

ரத்த வியர்வைக்குச் சொல்லப்படும் விளக்கம் ஒரு புழு. பாராஃபிலாரியா என்ற ஒட்டுண்ணி குதிரையின் தோலுக்கடியில் கட்டியாகிக் கோடையில் உடைந்து ரத்தம் கசியும். வியர்வையோடு கலந்தால் அப்படித்தான் தெரியும். இன்று சீனர்கள் "ரத்த வியர்வைக் குதிரை" என்ற பெயரைத் துர்க்மெனிஸ்தானின் அகால்தெக்கே குதிரைக்குச் சொல்கிறார்கள். 2014இல் அந்நாட்டு அதிபர் சீன அதிபருக்குப் பரிசளித்ததும் அந்தக் குதிரையைத்தான். ஆனால் அது சீன இனம் அல்ல.

இந்தக் கதையில் நமக்கு ஓர் ஒட்டு இருக்கிறது. வானத்துக் குதிரையோடு அதன் தீவனமும் சீனாவுக்குப் போனது. தூதர்கள் விதை கொண்டுவர, பேரரசரின் மாளிகைகளைச் சுற்றி அதை விதைத்தார்கள். லூசர்ன் என்ற அந்தப் பயிரைத்தான் நம் மாடு வளர்ப்பவர்கள் வயலோரத்தில் போட்டு அறுக்கிறார்கள். அதற்குத் தமிழில் பெயர் குதிரைமசால். மாட்டுக்குப் போடும் தீனியின் பெயரில் குதிரை ஏன் நிற்கிறது என்று யோசித்ததுண்டா?

பறவை மேல் கால் வைத்து ஓடும் வெண்கலக் குதிரை எந்த இனம்?

1969இல் கான்சுவின் வூவெய் நகரில், லெய்தாய் என்ற மேட்டுக்கு அடியில் இருந்த கீழை ஹான் காலக் கல்லறையில் கிடைத்தது. உயரம் 34.5 செ.மீ.தான், மேசை மேல் வைக்கலாம். பின்னங்கால் ஒன்று, சிறகு விரித்த ஒரு பறவையின் முதுகில். அந்தப் பறவை, மேலே மிதித்தது யார் என்று தலையைத் திருப்பிப் பார்க்கிறது. மற்ற மூன்று காலும் அந்தரத்தில்.

பலர் கவனிக்காத விஷயம் கால்களின் வரிசை. சாதாரணக் குதிரை ஓட்டத்தில் வலது முன்னங்காலோடு இடது பின்னங்கால் சேர்ந்து போகும். இந்த வெண்கலக் குதிரையில் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகின்றன. இது சிற்பியின் கற்பனை இல்லை. வூவெய்க்கு உட்பட்ட தியான்சூ மலைப்பகுதியின் சாகோயி குதிரை இன்றும் இந்த நடைதான் நடக்கும். பிறவியிலேயே வரும் நடை அது. மேலே உட்கார்ந்தவனை மேலும் கீழும் தூக்கிப் போடாமல், தொட்டில் போல இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துக்கொண்டு போகும். நாள் முழுக்கச் சேணத்தில் இருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "சாகோயி" என்ற பெயரிலுள்ள "யி"க்கு அஞ்சல் நிலையம் என்று பொருள். தபால் குதிரை மாற்றும் இடத்தின் பெயரையே வாங்கிய இனம்.

அவ்வளவு பெரிய நாட்டில் குதிரைக்கு ஏன் எப்போதும் பஞ்சம்?

நிலம். நெல்லும் கோதுமையும் விளையும் மண்ணில் மக்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். குதிரைக்குப் பரந்த மேய்ச்சல் வேண்டும், அது வடக்கிலும் மேற்கிலும் மட்டுமே இருந்தது. அந்த ஓரங்கள் யார் கையிலோ, குதிரையும் அவர்கள் கையில்.

தாங் அரசு தொடக்கத்தில் சேர்த்தது சுமார் 5,000 குதிரைகள். கான்சு மேய்ச்சல் நிலங்கள் கையில் இருந்ததால் 660களில் 7,06,000 ஆகப் பெருக்கிக் காட்டியது. சோங் அரசுக்கு அந்த நிலங்கள் இல்லை. 1074இல் தேயிலை-குதிரை வாரியம் ஒன்றை வைத்து, சிச்சுவான் தேயிலையைக் கொடுத்துத் திபெத்தியக் குதிரை வாங்கினார்கள். வடக்கையே இழந்த தென் சோங் காலத்தில் குவாங்சி வழியாகத் தென்மேற்குக் குதிரைகளை வாங்க வேண்டியதாயிற்று. ஹெங்ஷான் என்ற அந்தச் சந்தை இருந்த இடம் இன்றைய பைசே வட்டாரம். பைசே குதிரை என்ற நாட்டு இனத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அது.

உருவாக்கிய இனங்களில் முக்கியமானவை எவை?

மூன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சான்ஹே: "மூன்று ஆறுகள்" என்று பொருள். உள்மங்கோலியாவின் ஹுலுன்புய்ரில் கென், தெர்புல், ஹவுல் என்ற ஆறுகளின் படுகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பாதை வேலைக்கும், 1917 புரட்சிக்குப் பிறகு தப்பியும் வந்த ரஷ்யர்கள் தங்கள் குதிரைகளையும் கொண்டுவந்தார்கள். ஓர்லோவ் என்ற ரஷ்ய இனம் உள்ளிட்ட பல ரத்தம் உள்ளூர் மங்கோலியக் குதிரையோடு கலந்தது. 150 செ.மீ. அளவுக்கு நிற்கும், நல்ல ஓட்டம், குளிரும் தாங்கும். அரசுத் திட்டத்துக்கு முன்பே குடியேறிகளின் தேவையிலிருந்து பிறந்தது என்பது இதன் தனித்தன்மை.

இலி: சிஞ்சியாங்கின் இலிப் பள்ளத்தாக்கு. கசாக் இனப் பெட்டைக் குதிரைகளோடு ஓர்லோவ், தோன், புத்யோன்னி ஆகிய ரஷ்ய இனப் பொலிக்குதிரைகளைச் சேர்த்து வந்தது. 1985இல் இனமாக அங்கீகாரம். சவாரி, பந்தயம், இழுவை எல்லாவற்றுக்கும் ஆகும். ஹான் காலத்து வூசுன் மக்களின் மேய்ச்சல் நிலமும் இந்தப் பக்கம்தான். "வானத்துக் குதிரை" என்ற பட்டத்தை முதலில் வாங்கியது வூசுன் குதிரை. தாயுவான் குதிரை வந்ததும் பட்டம் கைமாறியது.

ஷான்தான்: எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. கான்சுவில் சிலியென் மலையடிவாரப் பண்ணை. உள்ளூர்த் தாதோங் குதிரையோடு ரஷ்யத் தோன் பொலியைச் சேர்த்தார்கள். முதல் தலைமுறை உயரமாக வந்தது. மேலும் மேலும் தோன் ரத்தம் ஏற்றினால் இன்னும் உயரும், ஆனால் மூவாயிரம் மீட்டரை ஒட்டிய அந்தக் குளிரில் வெளியே மேய்ந்து பிழைக்காது. ஆகவே கலப்புக் குட்டிகளை மீண்டும் உள்ளூர்த் தாதோங்கோடு சேர்த்து, தோன் ரத்தத்தைக் கால் பங்கில் நிறுத்திக்கொண்டார்கள். கால் பங்கு வெளியூர், முக்கால் பங்கு அந்த மண். எங்கே நிறுத்துவது என்று தெரிந்ததுதான் அந்தப் பண்ணையின் திறமை.

தியேலிங், பொஹாய், குவான்சோங், ஹெய்லோங்ஜியாங் போன்றவை உழவுக்கும் வண்டிக்கும் உருவானவை. ஏர் போய் டிராக்டர் வந்தது, அவற்றின் வேலையும் போயிற்று.

உயரத்தைக் கூட்டியது தவறா?

அன்றைய தேவைக்குத் தவறில்லை. 1950களில் படைக்குப் பீரங்கி இழுக்கவும் வயலில் ஆழ உழவும் பெரிய குதிரை வேண்டியிருந்தது. செயற்கைக் கருவூட்டல் வந்ததால் ஒரே பொலிக்குதிரை நூற்றுக்கணக்கான பெட்டைகளுக்குத் தந்தையானது. என் ஆதங்கம் வேறு. நாட்டுப் பெட்டைகளைத் தனியே ஒரு மந்தையாகக் காக்காமல், இருந்ததையெல்லாம் கலப்புக்கு அனுப்பிய இடங்கள் பல. தேவை முடிந்தபோது பெரிய குதிரையும் வேண்டாமல் போயிற்று, பழைய குதிரையும் தூய்மையாக மிஞ்சவில்லை.

இப்போது எண்ணிக்கை எப்படி?

1970களின் பிற்பகுதியில் சீனாவில் ஒரு கோடிக்கு மேல் குதிரைகள். இன்று 40 லட்சத்துக்கும் கீழே. டிராக்டர், மோட்டார் சைக்கிள், ராணுவத்தில் குதிரைப்படை 1980களில் கலைந்தது, எல்லாம் காரணம். உள்மங்கோலியாவில் மேய்ச்சல் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்து வேலி போட்டது இன்னொன்று. ஆடு வேலிக்குள் பிழைக்கும், ஒரு நாளில் பல மைல் அலைய வேண்டிய குதிரை பிழைக்காது.

ஒரோச்சென் குதிரையின் கதையும் இதேதான். பெரிய சிங்கான் காடுகளில் வேட்டையாடிய ஒரோச்சென் மக்களின் துணை அது. பனிமூடிய காட்டில், விழுந்த மரங்களைத் தாண்டி, துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாமல் நிற்கப் பழகியது. 1996இல் அங்கே வேட்டை தடை செய்யப்பட்டது. காட்டு விலங்குகளைக் காக்க எடுத்த சரியான முடிவு, அதோடு குதிரையின் பிழைப்பும் போனது. தேபாவ், ஒரோச்சென், சாகோயி போன்றவை இப்போது தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. பண்ணையில் அடைத்துக் காப்பது உயிரைக் காக்கும். காட்டில் நடக்கக் கற்ற காலைக் காக்க, காட்டில் நடக்க வேண்டும்.

பாலும் இறைச்சியும் உண்பார்களா?

ஆம். கசாக் மக்கள் குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் செய்வார்கள், இறைச்சியை மசாலா சேர்த்துக் குடலில் அடைத்துக் கசி செய்வார்கள். மங்கோலியர்களுக்கும் குதிரைப் பால் உண்டு. குட்டியைக் கட்டி வைத்தால்தான் தாய் பக்கத்தில் நிற்கும், கறப்பதற்கு அது வழி. மனம் சிலருக்கு ஒப்பாது. ஆனால் மேய்ப்பவனுக்கு வருமானம் தரும் குதிரைதான் மந்தையில் நிற்கிறது, இலியும் கசாக்கும் இன்னும் பெருங்கூட்டமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

இந்தியக் குதிரைகளோடு உறவு உண்டா?

இமயமலை ஓரத்தில் உண்டு. பூட்டியா, ஸ்பிதி, லடாக்கின் சன்ஸ்காரி ஆகிய மட்டக்குதிரைகள் திபெத்தியக் குதிரையின் உடல்வாகை ஒத்தவை. மார்வாரிக்கும் இவற்றுக்கும் ஒட்டில்லை.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஆகஸ்டில் கான்சுவின் மாச்சூவில் குதிரைப் பந்தயத் திருவிழா, ஹெச்சூவை அதன் புல்வெளியிலேயே பார்க்கலாம். திபெத்தில் நாக்சூ பந்தயமும் அதே மாதம். இலிக் குதிரைகளுக்கு சாவ்சு மாவட்டம், கோடையில் மந்தைகளை ஆற்றில் இறக்கி ஓட்டுவார்கள். அந்த வெண்கலக் குதிரை இருப்பது லான்சோவில் உள்ள கான்சு மாகாண அருங்காட்சியகத்தில். முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு நகராமல், பக்கவாட்டில் போய் நின்று கால்களைப் பாருங்கள்.